டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிக்கு எஸ்ஏடி மார்க்கை அனுப்பலாமா? 1410-ஐ வைத்து ஒரு கணக்கு

கேள்வி இதுதான்: மகள் திருச்சியில் சிபிஎஸ்இ பள்ளியில் +2 படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 96 சதவீதம், பதினொன்றில் 93. அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்கைக்குப் பார்க்கும் எஸ்ஏடி தேர்வில் மொத்தம் 1600-க்கு 1410. அதில் வாசிப்பு-எழுத்துப் பகுதி 640, கணிதம் 770. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க அமெரிக்காவில் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். யூசி பெர்க்லி, பர்டியூ, ஜார்ஜியா டெக் போக மற்ற ஆறும் டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது மார்க்கை அனுப்புவதும் விடுவதும் மாணவியின் விருப்பம். அந்த ஆறுக்கும் மார்க்கை அனுப்புவதா, விட்டுவிடுவதா?

ஆறுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. ஒரு கல்லூரிக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றுக்கு அனுப்பாமல் விட்டால் தவறும் இல்லை. ஒருவருக்கு அனுப்பியதை இன்னொருவர் பார்க்கப் போவதில்லை.

முதலில் முடிவெடுக்கவே வேண்டாத மூன்றைத் தள்ளி வைத்துவிடலாம். யூசி பெர்க்லி உட்பட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களும் டெஸ்ட் பிளைண்ட். அதாவது 1600 எடுத்திருந்தாலும் சேர்க்கைக்கோ உதவித்தொகைக்கோ பார்க்க மாட்டார்கள். சேர்ந்த பிறகு எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பதற்கு வேண்டுமானால் பயன்படும். பர்டியூவும் ஜார்ஜியா டெக்கும் மார்க்கைக் கட்டாயம் கேட்கின்றன. அங்கே 1410 போகத்தான் வேண்டும். மிச்சம் ஆறு.

அந்த ஆறும் இன்றைக்கும் ஆப்ஷனல்தானா என்பதை அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தில், உங்கள் மகள் எந்த ஆண்டு சேரப்போகிறாளோ அந்த ஆண்டைக் குறிப்பிட்டு எழுதியிருக்கும் வரியில் பாருங்கள். வேறு எங்கோ தொகுத்துப் போட்டிருக்கும் எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம். 1969-இல் போடன் கல்லூரி டெஸ்ட் ஆப்ஷனல் முறையைத் தொடங்கி வைத்ததிலிருந்து அரை நூற்றாண்டு இது சிறு கல்லூரிகளின் வழக்கமாகவே இருந்தது. 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகம் சேர்ந்தது. 2020-இல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியதும் ஏறக்குறைய எல்லோரும் சேர்ந்தார்கள். இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. 2022-இல் எம்ஐடி கட்டாயத்துக்குத் திரும்பியது. 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், டெக்சஸ் ஆஸ்டின் எல்லாம் அறிவித்தன. யேல் அதே ஆண்டு நடுவழி ஒன்றைப் பிடித்தது: எஸ்ஏடி, அதற்கு மாற்றான ஏசிடி, பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வான ஏபி, சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டமான ஐபி ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றின் மார்க் வேண்டும் என்றது. இதற்கு டெஸ்ட் ஃப்ளெக்சிபிள் என்று பெயர். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆப்ஷனலாக இருந்தது இந்த வருடம் கட்டாயம் ஆகியிருக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: கல்லூரியின் நடு மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் அனுப்பு, கீழே இருந்தால் அனுப்பாதே. ஆரம்பிக்க நல்ல இடம்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அனுப்ப வேண்டிய மார்க்கைப் பலர் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று காட்டுகிறேன்.

கல்லூரியின் பெயரோடு காமன் டேட்டா செட் என்று சேர்த்துத் தேடினால் ஒரு பிடிஎஃப் கிடைக்கும். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் நிரப்பி வெளியிடும் ஆவணம் இது. அதில் மூன்று இடங்கள் போதும். சி7 என்ற அட்டவணையில் சேர்க்கைக்கு எதற்கு எவ்வளவு எடை என்று டிக் அடித்திருப்பார்கள். அதில் தேர்வு மதிப்பெண் என்ற வரிசையைப் பாருங்கள். மிக முக்கியம், முக்கியம், கவனத்தில் கொள்வோம், கவனிப்பதில்லை என்று நான்கு கட்டம். ஆப்ஷனல் என்று சொல்லிக்கொண்டே முக்கியம் என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கும் கல்லூரியும் உண்டு. வெறும் கவனத்தில் கொள்வோம் என்று விட்ட கல்லூரியும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. சி8 பகுதியில் தேர்வுக் கொள்கை இருக்கும். சி9 பகுதியில்தான் நமக்கு வேண்டிய எண்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி அனுப்பினார்கள், எத்தனை பேர் ஏசிடி, பிறகு 25, 50, 75-ஆம் சதமான மதிப்பெண்கள், பகுதிவாரியாகவும் மொத்தமாகவும். 25-ஆம் சதமானம் என்றால் கால்வாசிப் பேர் அதற்குக் கீழே என்று பொருள்; 50-ஆம் சதமானம்தான் நடு.

எல்லோரும் அந்த 50-ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் சதவீதத்தைப் பார்ப்பவர் குறைவு. அதுதான் சாவி.

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் 2,000 பேர். எஸ்ஏடி அனுப்பியவர்கள் 40 சதவீதம், ஏசிடி அனுப்பியவர்கள் 15 சதவீதம். இரண்டையும் அனுப்பியவர் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எஸ்ஏடி 25-ஆம் சதமானம் 1360, நடு 1430, 75-ஆம் சதமானம் 1500. உங்கள் மகளின் 1410 நடுவுக்கு 20 குறைவு. வாய்ப்பாட்டின்படி அனுப்பக் கூடாது. ஆனால் தலைகளை எண்ணிப் பாருங்கள். எஸ்ஏடி அனுப்பியவர்கள் 800 பேர். அவர்களில் 1360-க்கு மேல் 600 பேர், 1430-க்கு மேல் 400 பேர். 1410-க்கு மேல் தோராயமாக 460 பேர் இருப்பார்கள். ஏசிடி அனுப்பிய 300 பேரிலும் அதே விகிதம் என்றால் சுமார் 170. ஆக 630. மார்க் அனுப்பாமல் சேர்ந்த 900 பேர் பெரும்பாலும் அவளைவிடக் குறைவாக எடுத்தவர்கள் என்று கொண்டால், 2,000 பேர் கொண்ட வகுப்பில் அவளுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. நடுவுக்குக் கீழே என்று தோன்றிய மார்க், உண்மையில் வகுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில் உட்கார்ந்திருக்கிறது.

அனுப்பாதவர்கள் குறைவாகத்தான் எடுத்திருப்பார்கள் என்பது வெறும் ஊகமில்லை. டெக்சஸ் ஆஸ்டின் 2024-இல் கட்டாயத்துக்குத் திரும்பியபோது வெளியிட்ட எண்களில், மார்க்கைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்ட விண்ணப்பதாரர்களின் நடு எஸ்ஏடி 1420. வேண்டாம் என்றவர்களுடையது 1160. நல்ல மார்க் மட்டும் வெளியே வருவதால், வெளியிடப்படும் நடு மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு மாணவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் மறைக்கிறார்கள். நடு மறுபடி ஏறுகிறது. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

இதைச் சரிசெய்து பார்க்க எளிய வழி, அதே கல்லூரியின் 2019-20 காமன் டேட்டா செட்டைத் தேடி எடுப்பது. அது கொரோனாவுக்கு முந்தைய வகுப்பு. கட்டாயம் என்றிருந்த கல்லூரிகளில் எல்லோரும் மார்க் கொடுத்த காலம். அந்த நடு 1370 ஆகவும் இன்றைய நடு 1430 ஆகவும் இருந்தால், இரண்டுக்கும் இடையில் எங்கோதான் உண்மையான அளவுகோல் இருக்கிறது. 1410 தாராளமாகப் போகலாம். தேர்வு இப்போது கணினி வழி ஆகிவிட்டாலும் 400-லிருந்து 1600 வரை என்ற அளவு மாறவில்லை என்பதால் ஒப்பிடுவதில் குற்றமில்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான். சி9 காட்டுவது சேர்ந்தவர்களை. அனுமதி கிடைத்தவர்களை அல்ல. அனுமதி கிடைத்து வேறு பெரிய இடத்துக்குப் போனவர்கள் அதில் இல்லை, அவர்களுடைய மார்க் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இன்னொன்று, அந்த வகுப்பில் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் இல்லை. விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்த மாநிலத்துக்காரர்கள் எல்லோரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வரும் விண்ணப்பம் போட்டி போடுவது அவர்களோடு இல்லை. அதே மாதிரி மாணவர்களின் குவியலில்தான் அது படிக்கப்படும், அந்தக் குவியலில் கணிதத்தில் 780, 800 எல்லாம் சகஜம். ஆகவே மேலே சொன்ன கணக்கு தரும் தைரியத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியே 1410-ஐ அனுப்பப் போதுமானது என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மார்க் போதுமா என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்பதில்லை. அனுப்பாத மார்க்குக்கு யாரும் பூஜ்யம் போடுவதில்லை. ஆனால் அந்த மார்க் செய்திருக்க வேண்டிய வேலையை விண்ணப்பத்தின் வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

நியூ ஜெர்சியில் ஒரு பொதுப் பள்ளி மாணவியை நினைத்துப் பாருங்கள். அவளுடைய பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் அதே கல்லூரிக்குப் பத்துப் பதினைந்து பேர் விண்ணப்பிப்பார்கள். அங்கே ஏ கிரேடு வாங்குவது எவ்வளவு கடினம், ஏபி வகுப்புகள் எத்தனை, போன வருடம் சேர்ந்தவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் அட்மிஷன் ஆபீசருக்குத் தெரியும். எஸ்ஏடி இல்லாவிட்டாலும் அவளை அளக்க அவர் கையில் வேறு அளவுகோல்கள் உண்டு.

திருச்சிப் பள்ளியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அதைவிட முக்கியம் காலக்கணக்கு. வழக்கமான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரியை ஒட்டி. முடிவு வருவது மார்ச் கடைசியில். +2 பொதுத்தேர்வு முடிவோ மே மாதம்தான் வரும். அவர்கள் கோப்பைப் படிக்கும்போது அதில் வெளியார் திருத்திய மார்க் என்று இருப்பது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்பு மார்க் பள்ளியே போட்டது. +2-க்குப் போகும் உத்தேச மார்க்கும் பள்ளி எழுதிக் கொடுப்பது. எல்லாப் பள்ளிகளும் 95 என்று எழுதிக் கொடுக்கும் உலகத்தில் அந்த 95-ஐ அவர் எப்படிப் படிப்பார்? பத்தாம் வகுப்புக்குப் பிறகு வெளியார் ஒருவர் வைத்த தேர்வில் இவள் எப்படிச் செய்தாள் என்பதற்கு அந்தக் கோப்பில் இருக்கும் ஒரே சாட்சி எஸ்ஏடி. அதை எடுத்துவிட்டால் வெறும் நற்சான்றுக் கடிதங்கள்தான் மிஞ்சும். இதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள், அங்கேயே பள்ளியில் படிப்பவர்களைவிடக் கொஞ்சம் தாராளமாக அனுப்பும் பக்கம் சாய வேண்டும் என்கிறேன்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ஏபி தேர்வுகளை எழுதி கால்குலஸ் பிசி, இயற்பியல் போன்றவற்றில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தால் அதுவே வெளிச்சாட்சி. ஐபி பள்ளியில் படித்தாலும் அப்படியே. அவர்களுக்கு எஸ்ஏடியைத் தள்ளி வைக்கும் சுதந்திரம் கூடுதல். ஜேஇஇ மார்க் அந்த இடத்தை நிரப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் அதற்கென்று தனிக் கட்டமே இல்லை. சாதனைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதலாம், அவ்வளவுதான்.

அனுப்பாமல் நஷ்டப்பட்டவர்கள் உண்டா என்றால், உண்டு. டார்ட்மத் பேராசிரியர்கள் நால்வர் அந்தக் கல்லூரியின் சொந்தக் கோப்புகளையே வைத்து ஆராய்ந்து 2024 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த சில மாணவர்கள், அனுப்பியிருந்தால் தங்களுக்கு நன்றாகவே உதவியிருக்கக்கூடிய மார்க்கை மறைத்திருந்தார்கள் என்பது அதில் முக்கியமான கண்டுபிடிப்பு. டார்ட்மத்தின் சராசரிக்குக் கீழே இருக்கிறதே என்று பயந்திருக்கிறார்கள். கல்லூரியோ அந்த மார்க்கை அவர்களுடைய பள்ளிச் சூழலோடு ஒப்பிட்டுத்தான் படித்திருக்கும். யாரும் எஸ்ஏடி எழுதாத ஊர்ப் பள்ளியிலிருந்து வரும் 1410-உம், ஆளுக்கொரு ட்யூட்டர் வைத்துப் படிக்கும் பள்ளியிலிருந்து வரும் 1410-உம் அவர்களுக்கு ஒரே எண் இல்லை. பள்ளி அனுப்பும் அறிமுகக் குறிப்பில், அதாவது ஸ்கூல் ப்ரொஃபைலில், இது தெரிய வேண்டும். எத்தனை பேர் எஸ்ஏடி எழுதினார்கள், பள்ளிச் சராசரி என்ன, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் 90-க்கு மேல் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பள்ளிகள் பல இதை அனுப்புவதே இல்லை, அல்லது கட்டடத்தின் படத்தையும் ஆண்டு விழாப் படத்தையும் போட்டு அனுப்பிவிடுகின்றன.

இன்னொரு எச்சரிக்கை. மார்க் அனுப்பியவர்களுக்கு அனுமதி விகிதம் கூடுதல் என்று சில கல்லூரிகள் எண் வெளியிடுவதுண்டு. அதைப் பார்த்து, எந்த மார்க்கானாலும் அனுப்பினால் நல்லது என்று முடிவுக்கு வரக் கூடாது. அனுப்பியவர்கள் நல்ல மார்க் எடுத்தவர்கள், பெரும்பாலும் பள்ளியிலும் நன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்கு அனுமதி கூடக் கிடைத்ததற்கு அனுப்பியது மட்டுமே காரணம் இல்லை.

இப்போது 640, 770 என்ற பிளவு. மொத்தத்தைவிட இது சுவாரசியமானது. ஒரே நாளில் எழுதிய தேர்வில் கணிதத்தை மட்டும் அனுப்பி மற்றதை மறைக்க வழியில்லை. எனவே சி9-இல் பகுதிவாரி எண்களையும் பாருங்கள். பொறியியல் கல்லூரிக்குள் நேரடியாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கை நடத்தும் பெரிய பல்கலைக்கழகம் என்றால் முதலில் கண்ணில் படுவது 770. பல்கலைக்கழகம் முழுவதற்குமான கணித நடு 740 என்று போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கூட்டத்துக்கு அது இன்னும் மேலே இருக்கும். அங்கும் 770 கௌரவமாக நிற்கும். அங்கே அனுப்புங்கள். சிறிய கலை-அறிவியல் கல்லூரி என்றால் கதை வேறு. எல்லோரும் நிறைய வாசித்து நிறைய எழுத வேண்டிய இடம் அது. அங்கே வாசிப்புப் பகுதியின் 25-ஆம் சதமானமே 690 என்றிருந்தால், 640 ஒரு கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்விக்குக் கோப்பில் வேறு பதில் இருந்தால், அதாவது டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மார்க் நன்றாக வந்திருந்து, கட்டுரையும் பளிச்சென்று இருந்தால், மொத்த மார்க்கைப் பார்த்து முடிவெடுக்கலாம். இல்லையென்றால் அந்த ஒரு கல்லூரிக்கு அனுப்பாமல் விடுவதே மேல்.

ஆக, ஆறு கல்லூரிகளுக்கும் இப்படி ஓட்டிப் பாருங்கள். 1410 வெளியிட்ட நடுவிலோ மேலேயோ இருந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். 25-க்கும் 50-க்கும் இடையில் விழுந்தால் உங்கள் மகளுடைய நிலையில் அனுப்புவதே என் பரிந்துரை, வாசிப்புப் பகுதி மட்டும் தனியாக இடிக்காத வரை. 25-ஆம் சதமானத்துக்குக் கீழே 30, 40 புள்ளிக்குள் இருந்தால் 2019-20 எண்களோடு ஒப்பிடுங்கள். அன்றைய நடுவைத் தொட்டால் அனுப்பலாம், இல்லாவிட்டால் வேண்டாம். 10, 20 புள்ளி வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே பெண் அடுத்த வாரம் எழுதினாலே அவ்வளவு ஏறி இறங்கும். 25-க்கு 60, 70 கீழே என்றால் அனுப்பாதீர்கள். கூடவே, அந்தக் கல்லூரி பட்டியலில் எட்டாக்கனி வரிசையில்தான் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். மார்க்கை மறைப்பதால் அது எட்டும் கனி ஆகிவிடாது.

ஏசிடி எழுதியவர்களுக்கு: 30 என்பது 1370-க்கும், 31 என்பது 1400-க்கும், 32 என்பது 1430-க்கும், 34 என்பது 1500-க்கும் இணை. இரண்டையும் எழுதியிருந்தால் எது மேலே இருக்கிறதோ அதை மட்டும் அனுப்புங்கள்.

பணத்தை மறக்க வேண்டாம். சேர்க்கைக்கு மார்க் தேவையில்லை என்று சொல்லும் சில பல்கலைக்கழகங்கள், தகுதி உதவித்தொகைக்கும், சிறந்த மாணவர்களுக்கென்று உள்ளேயே நடத்தும் ஹானர்ஸ் கல்லூரிக்கும் மார்க்கைக் கேட்கும். சேர்க்கைப் பக்கத்தில் ஆப்ஷனல் என்று பெரிதாக இருக்கும். உதவித்தொகைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இந்த விஷயம் இருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த உதவித்தொகை உண்டா என்பதையும் அங்கேயே பாருங்கள். அதுபோல, உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர்களின் பணத் தேவையைச் சேர்க்கை முடிவிலேயே கணக்கில் எடுக்கும் கல்லூரிகள்தான் மிகுதி. நீங்கள் பெரிய தொகை உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தை ஏன் இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கோப்பில் ஒவ்வொரு காரணமும் உதவும். இரண்டும் சமமாகத் தோன்றும் இடத்தில் இது தராசை அனுப்பும் பக்கம் சாய்க்கும்.

ஆப்ஷனல் என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டிலேயே படித்தவர்களுக்கு, மதிப்பெண் போடாத பள்ளிகளில் படித்தவர்களுக்கு, நேரடியாக மருத்துவப் படிப்பில் முடியும் ஒருங்கிணைந்த பாடத்திட்டங்களுக்கு, சில கல்லூரிகளில் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும் மார்க் கட்டாயமாக இருக்கும். ஆங்கிலத் தேர்வு முற்றிலும் தனி. டெஸ்ட் ஆப்ஷனல் என்றால் டோஃபல் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சில கல்லூரிகள் எஸ்ஏடி வாசிப்புப் பகுதியில் குறிப்பிட்ட மார்க்குக்கு மேல் இருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கொடுக்கும். அந்த விலக்கையும் கேட்டுவிட்டு மார்க்கையும் மறைக்க முடியாது.

திரும்ப எழுதலாமா? ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தேர்வு உண்டு. முடிவு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நவம்பர் 1 கெடு உள்ள முன்கூட்டிய விண்ணப்பம் என்றால் ஆகஸ்ட் தேர்வே நிம்மதி, அக்டோபர் கழுத்தைப் பிடிக்கும். கணிதம் 770-இல் நின்றுவிட்டது. ஏற இடம் இருப்பது வாசிப்பில். எஸ்ஏடி எழுதப் பயன்படும் ப்ளூபுக் செயலியில் இருக்கும் முழுப் பயிற்சித் தேர்வு இரண்டை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். வாசிப்புப் பகுதியில் இரண்டு பாகங்கள், ஒவ்வொன்றிலும் 32 நிமிடத்தில் 27 கேள்விகள். முதல் பாகத்தில் தடுமாறினால் இரண்டாம் பாகம் எளிதானதாக வரும், அதோடு எட்டக்கூடிய உச்ச மார்க்கும் இறங்கிவிடும். முதல் பாகத்தில் அவசரப்படாமல் இருப்பதிலேயே 640 நகரக்கூடும். இரண்டு பயிற்சித் தேர்விலும் 680 தாண்டினால் பதிவு செய்யுங்கள். பல கல்லூரிகள் வெவ்வேறு நாள்களில் எடுத்த சிறந்த பகுதிகளைச் சேர்த்து சூப்பர்ஸ்கோராகப் பார்க்கும் என்பதால் கணிதம் கொஞ்சம் இறங்கினாலும் நஷ்டமில்லை. பயிற்சியில் 650-லேயே நின்றால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுங்கள்.

கடைசியாக, முடிவெடுத்த பிறகு கை தவறும் இடங்கள். எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மார்க் அனுப்பலாம் என்று வரும். தேர்வு முடிந்து ஒன்பது நாள்வரை அந்தச் சலுகை. ஆனால் மார்க் வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும், அதாவது என்ன மார்க் என்று தெரியாமலே அனுப்பச் சொல்கிறார்கள். டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளின் பெயரை அங்கே போடாதீர்கள். மிகப் பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவி தானே தட்டி உள்ளிடும் மார்க்கையே ஏற்றுக்கொள்கின்றன; அதிகாரபூர்வ அறிக்கை சேர்ந்த பிறகு போதும்.

பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் இரண்டு இடத்தில் இதே கேள்வி வரும். பொதுப் பகுதியில் டெஸ்டிங் என்ற பக்கம். பிறகு ஒவ்வொரு கல்லூரியின் சொந்தக் கேள்விகளில் மார்க்கைக் கணக்கில் எடுக்க விரும்புகிறீர்களா என்ற கட்டம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மார்க் அனுப்பும் கல்லூரிகளுக்கு முதலில் சமர்ப்பித்துவிட்டு, பிறகு டெஸ்டிங் பக்கத்தில் எஸ்ஏடியை எடுத்துவிட்டு மற்றவற்றுக்குச் சமர்ப்பிப்பது குழப்பமில்லாத வழி. ஒவ்வொரு முறையும் சமர்ப்பிக்கும் முன் காட்டும் பிடிஎஃப்-ஐக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். கல்லூரி பார்க்கப்போவது அதைத்தான். டெஸ்டிங் பக்கத்திலேயே, பொதுத்தேர்வு அடிப்படையில் தேர்ச்சி முடிவாகும் கல்வி முறையா என்று வெளிநாட்டு மாணவர்களைக் கேட்பார்கள். ஆம் என்று போட்டு பத்தாம் வகுப்பு மார்க்கை உள்ளிட வேண்டும். எஸ்ஏடியை எடுக்கும்போது இதையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

அனுப்பாத கல்லூரிக்கு வேறு வழியில் மார்க் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பாராட்டாக நினைத்துக் கடிதத்தில் 1410 என்று எழுதிவிடுவார். எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏன் அனுப்பவில்லை என்று கூடுதல் தகவல் பகுதியில் விளக்கமும் வேண்டாம். காய்ச்சல், மையம் தூரம், மின்வெட்டு என்று எழுதினால் இல்லாத சந்தேகத்தை நாமே கிளப்பிவிட்டதாகும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எஸ்ஏடி பதிவில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகக் கடைசியில், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருந்தால் அதிகாரபூர்வ அறிக்கை கல்லூரிக்குப் போயும் கோப்போடு சேராமல் கிடக்கும். விண்ணப்பக் கணக்கில் மார்க் வரவில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதையே எஸ்ஏடி கணக்கிலும் காமன் ஆப்பிலும் எழுத்துக்கு எழுத்து வையுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி பதிந்திருந்தால் எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு இப்போதே மாற்றிவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.